ஆர்கிட் விதை முளைப்பிலும் நாற்று வளர்ச்சியிலும் ஒளி: குடுவை முதல் தொட்டி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

முற்றிய டெண்ட்ரோபியம் ஆர்கிட்டின் காய் ஒன்றை வெள்ளைத்தாளின் மீது வைத்துப் பிளந்தால் வெளிர்மஞ்சள் நிறத் தூள் கொட்டும். பலர் அதை மகரந்தம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது விதை. மூச்சுக்காற்றுப் பட்டாலே எழும்பிப் பறக்கும் அந்தத் தூளில் ஒவ்வொரு துகளுக்குள்ளும் ஒரு கரு இருக்கிறது. ஆர்கிட் விதைகளின் நீளம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடுவதில்லை. எடையை மைக்ரோகிராமில்தான் சொல்ல முடியும். ஒரு காயில் ஆயிரக்கணக்கில் தொடங்கி, சில இனங்களில் முப்பது நாற்பது லட்சம் விதைகள் வரை இருக்கும். இவ்வளவு விதைகளை ஒரே காயில் அடக்க வேண்டியிருப்பதாலோ என்னவோ, நெல்லுக்கும் தேங்காய்க்கும் உள்ள முளைசூழ்தசை என்னும் கட்டுச்சோறு ஆர்கிட் விதைக்குக் கிடையாது.

கட்டுச்சோறு இல்லாத விதை எப்படி முளைக்கிறது என்பதை 1899-ல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் நோயல் பெர்னார் கண்டறிந்தார். மண்ணிலும் மரப்பட்டையிலும் வாழும் சில பூஞ்சைகள் விதைக்குள் நுழைகின்றன. அவை கொண்டுவரும் உணவை உண்டுதான் கரு வளர்கிறது. 1922-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் நட்சன், பூஞ்சை இல்லாமலேயே, கண்ணாடிக் குடுவைக்குள் சர்க்கரை கலந்த ஊடகத்தில், அதாவது விதைக்கு உணவு தரும் கூழில், ஆர்கிட் விதையை முளைக்கவைக்கலாம் என்று காட்டினார். சில ஆண்டுகளிலேயே, 1928 வாக்கில், சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் எரிக் ஹோல்ட்டம் இந்தக் குடுவை முறையைக் கையாண்டு கலப்பின ஆர்கிட்களை உருவாக்கத் தொடங்கினார். இன்று நம் வீட்டு மாடிகளில் பூக்கும் டெண்ட்ரோபியங்களும் வாண்டாக்களும் இந்த வழியில் வந்தவையே.

ஒளியைப் பற்றிய வழிகாட்டியில் உணவைப் பற்றி முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. குடுவைக்குள் சர்க்கரை இருக்கும்வரை, முளைக்கும் விதைக்கு ஒளியிலிருந்து உணவு தேவைப்படுவதில்லை. முதல் சில வாரங்களில் ஒளி அதற்கு ஒரு செய்தி மட்டுமே. பச்சையம் தோன்றிய பிறகு அது உணவாகிறது. பச்சையம் கையாளக்கூடிய அளவைத் தாண்டினால் கேடாகிறது. ஆர்கிட் விதைப்பில் புதியவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, செடி என்றால் வெளிச்சம் வேண்டும் என்ற பொதுவான எண்ணத்தில், பச்சை வரும் முன்பே ஒளியைக் கொட்டுவதால் நேர்பவை. எனவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கேள்வியைத்தான் ஒவ்வொரு நிலையிலும் கேட்கிறது: இந்த நாளில், இந்தக் குடுவைக்குள் இருக்கும் உயிர் எவ்வளவு ஒளியைப் பயன்படுத்தும்?

இனத்தைத் தெரிந்துகொள்ளுதல்

உங்கள் கையிலுள்ள விதை மரத்தில் தொற்றி வாழும் இனத்தினுடையதா, தரையில் வளரும் இனத்தினுடையதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். மரத்தொற்று ஆர்கிட்டின் விதை மரப்பட்டையின் வெடிப்பில் ஒட்டிக்கொண்டு, இலைகளின் ஊடே விழும் வெளிச்சத்திலேயே முளைக்கப் பழகியது. தமிழகத்திலும் இலங்கையிலும் மாமரங்களில் தொற்றியிருக்கும் வாண்டா டெசெல்லேட்டாவைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். டெண்ட்ரோபியம், வாண்டா, கேட்லியா, ஃபலனாப்சிஸ் ஆகியவற்றின் விதைகள் பொதுவாக வெளிச்சத்திலும் முளைக்கும், இருட்டிலும் முளைக்கும்.

தரை ஆர்கிட்டின் நிலை வேறு. அதன் விதை மழைநீரோடு மண்ணுக்குள் இறங்கிப் பூஞ்சையைச் சந்தித்தால்தான் பிழைக்கும். மண்ணின் மேற்பரப்பிலேயே முளைத்துவிட்டால் அடுத்த வெயிலில் காய்ந்துவிடும். ஆகவே வெளிச்சம் படுவதை, இன்னும் மண்ணுக்குள் போகவில்லை என்ற எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு அந்த விதை உறங்கியே கிடக்கிறது. குளிர்நாடுகளின் சிப்ரிபீடியம், டாக்டிலோரைசா ஆகியவற்றில் இது மிகத் தெளிவாகத் தெரியும். நம் மலைகளிலும் காணப்படும் ஹேபனேரியா இனங்களை விதைக்கும்போதும் இருட்டில் தொடங்குவதே பாதுகாப்பானது. பாஃபியோபெடிலம் விதைக்குத் தொடக்கத்தில் சில வாரங்கள் இருட்டு கொடுப்பது வழக்கம். கொடியாக மரமேறினாலும் வெனிலாவின் விதை, கெட்டியான கருநிற உறையோடு, இருட்டையே விரும்புகிறது. விதிவிலக்குகளும் உண்டு: தரையில் வளரும் பிளெட்டில்லா ஸ்ட்ரையாட்டா வெளிச்சத்தில் நன்றாகவே முளைக்கிறது. எனவே ஓர் இனத்தைப் பற்றி உறுதியாகத் தெரியாதபோது, குடுவைகளில் பாதியை இருட்டிலும் பாதியை மங்கிய வெளிச்சத்திலும் வையுங்கள். ஆறு குடுவைகள் இருந்தால் மூன்றுக்கு மூன்று. இந்தச் சிறு சோதனை எந்தப் பொதுவிதியையும்விட உங்கள் விதையைப் பற்றி அதிகம் சொல்லும்.

ஒளியை அளக்கப் பழகுதல்

நம் கண் வெளிச்சத்தை அளப்பதில் மிக மோசமான கருவி. அறைக்குள் 300 லக்ஸும் வாசலில் 10,000 லக்ஸும் இருந்தாலும், கண் தன்னைச் சரிசெய்துகொண்டு இரண்டையும் நல்ல வெளிச்சம் என்றே சொல்லும். ஆகவே ஒரு லக்ஸ் மீட்டர் வாங்குங்கள். கைப்பேசிச் செயலி தோராயமாகத்தான் காட்டும், ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல்.

லக்ஸ் என்பது மனிதக் கண்ணின் உணர்வை ஒட்டிய அளவு. செடிக்கு வேண்டியது 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளத்துக்குள் ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள்கள் விழுகின்றன என்ற கணக்கு. மைக்ரோமோல் என்பது ஒளித்துகள்களை எண்ணும் அலகு; பத்து லட்சம் மைக்ரோமோல் சேர்ந்தால் ஒரு மோல். வெள்ளை எல்இடி அல்லது டியூப்லைட்டின் கீழ் 1000 லக்ஸ் என்பது ஏறத்தாழ 13 முதல் 15 மைக்ரோமோல். வெயிலில் அதே 1000 லக்ஸ் சுமார் 18 மைக்ரோமோல். இந்த மாற்றுக் கணக்கு வெள்ளை ஒளிக்குத்தான் பொருந்தும். சிவப்பும் நீலமும் கலந்த விளக்கின் கீழ் லக்ஸ் மீட்டரை நம்பவே கூடாது: கண்ணுக்கு அந்த நிறங்கள் மங்கலாகத் தெரிவதால் கருவி குறைவாகக் காட்டும், செடியோ அதைவிடப் பலமடங்கு ஒளியை வாங்கிக்கொண்டிருக்கும்.

ஒளியின் அடர்த்தியைப் போலவே நேரமும் கணக்கில் சேரும். வினாடிக்கு 30 மைக்ரோமோல் வீதம் 16 மணி நேரம் கொடுத்தால் ஒரு நாளில் சதுர மீட்டருக்கு 1.73 மோல் விழுகிறது. 40 மைக்ரோமோல் வீதம் 12 மணி நேரம் கொடுத்தாலும் அதே 1.73 மோல்தான். மென்மையான நாற்றுக்கு நீண்ட நேரம் மங்கிய ஒளி கொடுப்பதே நல்லது என்பது என் தீர்மானம். ஒரே அளவு ஒளியைச் சுருக்கிக் கடுமையாகக் கொடுப்பதைவிட அதில் கருகும் ஆபத்து குறைவு.

விதையும் ஊடகமும்: இருட்டு இங்கேயே தொடங்குகிறது

காட்டிலிருந்து காய் பறிக்காதீர்கள். தோட்டத்தில் வளரும் செடியின் பூவில் நீங்களே மகரந்தம் சேர்த்து, காய் பிடிக்கவைத்து எடுங்கள். டெண்ட்ரோபியம் கலப்பினங்களில் மூன்று நான்கு மாதங்களில் பச்சைக்காயாகவே அறுத்து விதைக்கலாம்; வாண்டா காய்க்கு அதைவிட நெடுநாள் காத்திருக்க வேண்டும். பச்சைக்காயிலுள்ள விதையின் உறை இன்னும் இறுகியிருக்காது, முளைப்பைத் தடுக்கும் பொருட்களும் முழுமையாகச் சேர்ந்திருக்காது. பல இனங்களில் அது விரைந்து முளைக்கிறது. உலர்ந்த விதையானால் அதைக் காகிதப் பொட்டலத்தில் இட்டு, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் அடைத்து, குளிர்சாதனப் பெட்டியில் 4 டிகிரி அளவில் வையுங்கள்.

விதை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க டெட்ராசோலியம் கரைசலில் ஊறவைக்கும் சோதனை உண்டு. உயிருள்ள கரு சிவப்பாகும். இந்தக் கரைசல் ஒளி பட்டாலே தானாகச் சிதையும் தன்மையுடையது என்பதால் கரைசலையும் ஊறும் விதையையும் முழு இருட்டில் வைக்க வேண்டும். மேசை மீது வெளிச்சத்தில் வைத்துவிட்டுக் கிடைத்த முடிவை நம்ப வேண்டாம்.

ஊடகத்துக்கும் இதே கவனம் தேவை. லிட்டருக்கு 20 கிராம் சர்க்கரை, கூழைக் கெட்டியாக்கும் அகார் 7 அல்லது 8 கிராம், பாதி வலிமையுள்ள எம்எஸ் (முராஷிகே-ஸ்கூக்) உப்புகள் அல்லது நட்சன் சி என்னும் உப்புக் கலவை, சுமார் 5.5 அமிலநிலை (pH), 121 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் அழுத்த நீராவியில் வேகவைத்தல் ஆகியவை பலரும் அறிந்தவை. பலர் அறியாதது, தயாரித்த ஊடகத்தை அலமாரி விளக்கின் கீழ் வாரக்கணக்கில் அடுக்கிவைப்பதால் வரும் கேடு. ஊடகத்தில் இரும்பைத் தாங்கி நிற்கும் இடிடிஏ சேர்மம் ஒளியால், குறிப்பாக நீல ஒளியால், சிதைகிறது. அப்போது வேருக்கு ஆகாத ஃபார்மால்டிஹைடு உண்டாகிறது. ஐஏஏ என்னும் வளர்ச்சி ஊக்கியும் ஒளியில் அழிந்துபோகும். ஆகவே விதைக்கும் நாள் வரை ஊடகக் குடுவைகளை மூடிய அட்டைப்பெட்டியில் வையுங்கள்.

கரித்தூள் சேர்ப்பதா வேண்டாமா என்ற கேள்வி எப்போதும் எழும். திசு வளர்ப்புக்கென விற்கப்படும் ஆக்டிவேட்டட் கரியை லிட்டருக்கு 1 அல்லது 2 கிராம் சேர்த்தால் ஊடகம் கறுத்து, வேருக்கு இருட்டைத் தருகிறது. திசுக்கள் கசியவிடும் ஃபீனால் பொருட்களை உறிஞ்சி, பழுப்பேறுவதையும் குறைக்கிறது. ஆனால் முதல் விதைப்புக்குக் கரியில்லாத தெளிந்த ஊடகத்தையே நான் தேர்ந்தெடுக்கிறேன். முளைப்பதைக் கண்ணால் பார்க்க முடிவது அந்த நாட்களில் பெரிய உதவி. கரியை, நாற்றுகளைப் பிரித்துப் புதிய ஊடகத்துக்கு மாற்றும் மறுநடவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

முதல் வாரங்கள்: இருட்டும் மங்கிய ஒளியும்

விதைத்த குடுவைகளை அலுமினியத் தாளில் சுற்றுங்கள், அல்லது மூடிய அட்டைப்பெட்டியில் வையுங்கள். அறையின் வெப்பம் 25 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். மரத்தொற்று இனங்களுக்கு இரண்டு வாரம் போதும். அதற்கு வழியில்லையென்றால் 500 லக்ஸுக்கு மிகாத மங்கிய வெளிச்சத்திலும் அவை முளைக்கும். தரை ஆர்கிட்களை நாள்கணக்கு பார்த்து வெளியே எடுக்கக் கூடாது. விதையுறை பிளந்து, வெள்ளைத் திரளின் மேற்புறத்தில் முளைக்கூம்பு தெரியும்வரை இருட்டிலேயே விட வேண்டும். சில இனங்களில் இதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

இருட்டில் வைத்தவற்றை எட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையை அடக்குவது கடினம். ஆனால் ஒளியை உணரும் ஃபைட்டோகுரோம் என்னும் நிறமிக்கு ஒரு சில நிமிட வெளிச்சமே செய்தி சொல்லப் போதும். எனவே, பார்ப்பதற்கென்றே ஒரு குடுவையை ஒதுக்கிவைத்துக்கொண்டு, மூடியைத் திறக்காமல் அதன் தாளை மட்டும் பிரித்துப் பாருங்கள்; மற்றவற்றின் மேலுள்ள தாளைத் தொடாதீர்கள்.

ஒதுக்கிவைத்த அந்தக் குடுவையில் என்ன தெரியும்? முதலில் கரு நீரை உறிஞ்சி உப்புகிறது. தூள் போலிருந்தது ரவை போலத் தெரியும். பிறகு உறை கிழிந்து ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. ஆர்கிட் விதை முளைத்தவுடன் நேராக வேரும் இலையும் விடுவதில்லை. முதலில் பம்பரம் போன்ற ஒரு சிறு உருவாகத் திரள்கிறது. இதற்குப் புரோட்டோகார்ம் என்று பெயர். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியே பார்த்தால் பம்பரத்தின் கூர்ப்பக்கம் தந்த நிறத்தில் இருக்கும். அதைச் சுற்றிப் பஞ்சிழை போன்ற உறிஞ்சுமயிர்கள் ஊடகத்துக்குள் இறங்கியிருக்கும். அகன்ற தலைப்பக்கத்தில் ஊசியால் அழுத்தியது போன்ற ஒரு குழி தெரியும். முதல் இலை அந்தக் குழியிலிருந்துதான் எழும். டெண்ட்ரோபியத்தில் இந்த நிலை சில வாரங்களில் வந்துவிடுகிறது. இந்தப் பம்பரத்தின் தலை இளம்பச்சையாக மாறத் தொடங்குவதே ஒளியை உணவாகக் கொடுக்கலாம் என்பதற்கான அடையாளம்.

இதற்குமேலும் மரத்தொற்று இனங்களை இருட்டிலேயே விட்டால் புரோட்டோகார்ம்கள் வெளுத்து, நீண்டு, தளர்ந்துவிடும்.

இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு: அவசரப்படக் கூடாத நாட்கள்

இந்த நிலையில்தான் அதிகம் இழக்கிறோம். முதன்முதலில் விதைத்த ஆண்டில், இருட்டிலிருந்து எடுத்த குடுவைகளைக் கிழக்கு ஜன்னலின் திட்டில் வரிசையாக வைத்தேன். காலை வெயில் அரைமணி நேரந்தான் விழும், இளவெயில்தானே என்று எண்ணினேன். ஐந்தாம் நாள் குடுவைகளுக்குள் ஒரு விசித்திரமான கோடு தெரிந்தது: ஜன்னலை ஒட்டிய பாதி வெளுத்துப் பழுப்பாகியிருந்தது, அறையைப் பார்த்த பாதி பசுமையாக இருந்தது. பிறைநிலவை வெட்டி வைத்தது போல அந்த எல்லை அவ்வளவு துல்லியமாக இருந்தது. கண்ணாடிக் குடுவையை மூடியோடு வெயிலில் வைத்தால் வெப்பம் உள்ளே சிறைப்பட்டு, வெளிக்காற்றைவிடப் பல டிகிரி ஏறிவிடுகிறது என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். நேரடி வெயில், அது எவ்வளவு இளவெயிலாக இருந்தாலும், குடுவை மீது விழவே கூடாது.

கருகுவதற்கு வெப்பம் மட்டுமே காரணமன்று. இளம் பச்சையம் ஒளியைப் பிடித்துவிடும். ஆனால் பிடித்த ஆற்றலைச் சர்க்கரையாக மாற்றும் நொதிகள் இன்னும் போதுமான அளவில் உருவாகியிருக்காது. செலவாகாத ஆற்றல் ஆக்சிஜனைத் தீவிர வினைபுரியும் வடிவங்களாக மாற்றுகிறது. அவை பச்சையத்தையே அழிக்கின்றன. முதலில் வெளுப்பு, பிறகு பழுப்பு என்ற வரிசை இப்படித்தான் வருகிறது. வெளுத்த நிலையில் கண்டுபிடித்துவிட்டால் மங்கிய ஒளிக்கு மாற்றிக் காப்பாற்ற வாய்ப்புண்டு, பழுப்பானபின் இல்லை.

ஆகவே, தாளைப் பிரித்த குடுவைகளை விளக்கு அலமாரியில் வைத்து, மேலே இரண்டு மடிப்பு டிஷ்யூ காகிதம் போட்டு மூடுங்கள். 500 முதல் 800 லக்ஸ் வரை உள்ளே போனால் போதும். நான்கைந்து நாளில் ஒரு மடிப்பை எடுங்கள். மேலும் நான்கைந்து நாள் கழித்து மற்றதையும் எடுத்து, 1500 முதல் 2000 லக்ஸ் வரை, அதாவது 20 முதல் 30 மைக்ரோமோல் அளவில் நிறுத்துங்கள். முதல் இலை விரியும்வரை இதற்குமேல் தேவையில்லை.

விளக்கு அலமாரியை அமைத்தல்

நான்கடி எல்இடி பட்டி விளக்கு ஒன்று, 18 முதல் 20 வாட், 4000 முதல் 6500 கெல்வின் வரையிலான வெள்ளை நிறத்தில், குடுவையின் மேல்மட்டத்திலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் அதன் நேர்கீழே ஏறத்தாழ 2000 லக்ஸ் கிடைக்கும். விளக்குக்கு விளக்கு வேறுபடும் என்பதால் அளந்தே முடிவுசெய்யுங்கள். ஓரங்களில் வெளிச்சம் பாதியாகக்கூடக் குறைந்துவிடும். இதை ஒரு குறையாகப் பார்க்க வேண்டியதில்லை: புதிதாக வெளிச்சத்துக்கு வந்தவற்றை ஓரத்திலும், வளர்ந்தவற்றை நடுவிலும் வைத்து, வாரம் ஒருமுறை இடம் மாற்றிக் குடுவையைப் பாதிச்சுற்றுத் திருப்பிவைத்தால் ஒரே தட்டில் எல்லா நிலைகளையும் வளர்க்கலாம். அளக்கும்போது மூடியையும் மறந்துவிடக் கூடாது. வெள்ளை பிளாஸ்டிக் மூடி கணிசமான ஒளியை மறைக்கிறது. அகன்ற வாயுள்ள காலிக் குடுவைக்குள் மீட்டரின் உணர்வியை வைத்து மேலே மூடியைக் கவிழ்த்து அளந்தால் உண்மையான அளவு தெரியும்.

பல தட்டுகள் உள்ள அலமாரியில் கீழ்த்தட்டின் விளக்கு மேல்தட்டுக் குடுவைகளின் அடியைச் சூடாக்குகிறது. அடி சூடானால் ஊடகத்து நீர் ஆவியாகி, குளிர்ந்த மூடியில் முத்துமுத்தாகப் படிந்து, நாற்றின் மீது சொட்டுகிறது. இலைகள் கண்ணாடி போல நீர்கோத்துப் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தட்டின் மேல் ஒரு தெர்மோகோல் பலகையைப் பரப்பி அதன்மேல் குடுவைகளை வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒளி நேரத்தை 12 முதல் 16 மணிக்குள் வைத்து, டைமரிடம் ஒப்படைத்துவிடுங்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் குளிரூட்டி இல்லாத அறையில் நான் செய்வது, விளக்கைப் பகலில் அணைத்து மாலை ஆறு மணியிலிருந்து காலை எட்டு மணிவரை எரியவிடுவது. அறையை மூடி வைத்தால் குடுவைக்கு இரவு பகலாகவும் பகல் இரவாகவும் ஆகிவிடும். பகல் வெப்பமும் விளக்கின் வெப்பமும் ஒன்றாகச் சேர்வதில்லை. ஒரு நாள் மின்சாரம் நின்றுபோனால் மறுநாள் இருமடங்கு நேரம் எரியவிட்டு ஈடுகட்ட வேண்டியதில்லை. ஆனால் சுழல்முள் வகை டைமர் மின்தடையின்போது நின்றுவிடும் என்பதால் அதன் நேரத்தை வாரம் ஒருமுறை சரிபாருங்கள்.

இருபத்துநான்கு மணி நேரமும் விளக்கை எரியவிடுவதை நான் வன்மையாக மறுக்கிறேன். ஃபலனாப்சிஸ் போன்ற தடித்த இலையுள்ள ஆர்கிட்கள், வளர்ந்த நிலையில், இரவில்தான் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமிக்கின்றன. பகல் ஒளியில் அந்தச் சேமிப்பைச் சர்க்கரையாக்குகின்றன. இருட்டு இல்லாத செடிக்கு இந்தச் சேமிப்புக்கு நேரமே இருக்காது.

நிறத்தைப் பற்றிச் சில வார்த்தைகள்

660 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பு ஒளி ஒளிச்சேர்க்கைக்கு நன்கு பயன்படுகிறது. ஆனால் அது மட்டுமே கிடைத்தால் நாற்று நீண்டு மெலியும். 450 நானோமீட்டரை ஒட்டிய நீலம் தண்டைக் குட்டையாகவும் இலையைப் பசுமையாகவும் வைக்கிறது, இலைத்துளைகளின் இயக்கத்துக்கும் உதவுகிறது. இரண்டும் கலந்திருப்பதே நல்லது. வெள்ளை எல்இடியில் இரண்டுமே இருக்கின்றன. இளஞ்சிவப்பாக ஒளிரும் வளர்ப்பு விளக்குகளை வீட்டில் சிறு அளவில் வளர்ப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை; அந்த ஒளியில் இலையின் உண்மையான நிறம் தெரியாது, இலையின் நிறத்தைப் படிப்பதுதான் நம்மிடமுள்ள சிறந்த அளவுகோல்.

மறுநடவும் நாற்றுப் பருவமும்

இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நாற்றுகளைப் பிரித்துப் புதிய ஊடகத்தில் இடைவெளிவிட்டு நடும்போது, முதல் வாரம் பழைய ஒளியிலேயே வைத்து, வேர் பிடித்த பிறகு 3000 முதல் 4000 லக்ஸ் வரை உயர்த்துங்கள். இதற்குமேல் உயர்த்துவதில் பயன் மிகக் குறைவு. இறுக மூடிய குடுவைக்குள் விளக்கு எரியத் தொடங்கிய ஓரிரு மணி நேரத்திலேயே நாற்றுகள் உள்ளிருக்கும் கரியமில வாயுவின் பெரும்பகுதியை இழுத்துவிடுகின்றன. அதன்பின் எவ்வளவு ஒளி கொடுத்தாலும் சமைக்கப் பொருள் இல்லாத அடுப்பை எரியவிட்டதாகத்தான் ஆகும். காற்றோட்டம் உள்ள வடிகட்டி மூடியோ பஞ்சடைப்போ இருந்தால் மட்டும் கூடுதல் ஒளி வளர்ச்சியாக மாறும்.

இலைகள் சொல்வதைக் கேளுங்கள். கரும்பச்சையாக, நீண்டு, விளக்கின் பக்கம் சாய்ந்தால் ஒளி போதவில்லை. இலை வெளிறி, ஓரத்திலோ அடியிலோ செந்நிறம் ஏறினால் ஒளி அதிகம். சில கலப்பினங்களில் செந்நிறம் பிறவியிலேயே உண்டு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மஞ்சளாவதில் ஒரு குழப்பம் நேரும்: ஒளி மிகுந்தாலும் மஞ்சளாகும், ஊடகத்தில் நைட்ரஜன் தீர்ந்தாலும் மஞ்சளாகும். அதே தட்டில் அண்மையில் மறுநடவு செய்த குடுவை பச்சையாகவும் பழைய குடுவை மஞ்சளாகவும் இருந்தால், குறை ஊடகத்தில் இருக்கிறது, விளக்கில் இல்லை.

ஒவ்வொரு குடுவையிலும் விதைத்த நாள், இருட்டில் இருந்த நாட்கள், இப்போதைய லக்ஸ் ஆகியவற்றை ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள்.

குடுவையிலிருந்து தொட்டிக்கு

நாற்றில் மூன்று நான்கு இலைகளும் இரண்டு மூன்று நல்ல வேர்களும் வந்த பிறகு வெளியே எடுக்கலாம். கடைசி இரண்டு வாரங்களில் குடுவைகளை அலமாரியின் மிக வெளிச்சமான இடத்துக்கு நகர்த்துங்கள். கடைசி மூன்று நான்கு நாட்கள் மூடியைத் தளர்த்திவையுங்கள். குடுவையின் ஈரக்காற்றில் வளர்ந்த இலையின் மேல் மெழுகுப்பூச்சு மெல்லியது, இலைத்துளைகள் சரியாக மூடப் பழகாதவை. இந்த நிலையில் ஒளி மிகுந்தால் இலை முதலில் வாடுவது தாகத்தால்தான். ஆகவே வெளியே வந்த முதல் வாரங்களில் ஒளியையும் ஈரப்பதத்தையும் சேர்த்தே நினைக்க வேண்டும்: ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியும், வெளிச்சம் 3000 முதல் 5000 லக்ஸ் வரையும் இருக்கட்டும்.

நிழல்வலையைக் கணக்கிடத் தெரிந்துகொள்ளுங்கள். உச்சிவெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். 75 சதவீத நிழல்வலை ஒன்றின் கீழ் 25,000 லக்ஸ் மிஞ்சும். இரண்டாவது வலையும் போட்டால் அந்த 25,000-ல் கால்பங்கான 6,250 மிஞ்சும். பாலித்தீன் கூரையோ மரநிழலோ சேர்ந்தால் நமக்கு வேண்டிய அளவுக்கு இறங்கிவிடும். தொடக்கத்தில் இரட்டை வலை இருக்கட்டும். வளர்ந்த ஃபலனாப்சிஸுக்கு 10,000 முதல் 15,000 லக்ஸ் போதுமானது. டெண்ட்ரோபியம் கலப்பினங்களுக்கு 25,000-க்கு மேலும், வாண்டாவுக்கு அதையும் தாண்டியும் வேண்டும். முதல் வாரங்களைக் கடந்த நாற்றை அந்த அளவில் மூன்றிலொரு பங்குக்குக் கொண்டுவந்து, பிறகு மாதக்கணக்கில் உயர்த்துங்கள்.

தமிழகச் சமவெளியில் சித்திரை, வைகாசியில் நாற்றைக் குடுவையிலிருந்து எடுப்பதைத் தவிர்க்கிறேன். ஐப்பசி, கார்த்திகையின் அடைமழையில் வெளிச்சம் குறைந்து, இலைக்குருத்தில் நீர் தேங்கி அழுகும். ஆடிக் கடைசி ஒரு நல்ல காலம். தை மாதம் இன்னொன்று. தையில் வெளியே வரும் நாற்றுக்கு வெயில் சிறுகச்சிறுக ஏறுவதால் அது கோடைக்குப் பழக அவகாசம் கிடைக்கிறது.

மீட்டர் கையில் இல்லாதபோது நண்பகலில் நாற்றுகளுக்கு ஓரடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். விரல்களின் நிழல் கத்தியால் வெட்டியது போல விழுந்தால் நாற்றுக்கு அந்த இடம் ஆகாது; ஓரம் மங்கிய நிழல் விழுந்தால் தகும். இலையைத் தொட்டுப் பாருங்கள்: சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருந்தால் அன்றே நிழலைக் கூட்டுங்கள். வெயில் சுட்ட புள்ளி சூரியனைப் பார்த்த பக்கத்தில், வெளுத்தோ கறுத்தோ, உலர்ந்து குழிந்திருக்கும், நாளானாலும் பரவாது. நாளுக்கு நாள் பரவி, ஈரமாக இருப்பது நோய். முன்னதற்கு நிழல்தான் மருந்து. பின்னதற்கு நிழலைக் கூட்டினால் நோய் இன்னும் பெருகும்.

இரட்டை வலையை எப்போது பிரிப்பது என்பதை நாட்காட்டி பார்த்து முடிவுசெய்யாதீர்கள். குடுவையில் வளர்ந்த வேர்களில் பல தொட்டியில் காய்ந்துபோகும்; அவற்றைக் கண்டு பதற வேண்டாம். கரித்துண்டுகளுக்கும் தேங்காய் மட்டைக்கும் நடுவே, செடியின் அடியிலிருந்து வெள்ளிநிறத்தில் ஒரு புதிய வேர் புறப்பட்டு, அதன் நுனி அரை சென்டிமீட்டர் அளவுக்குப் பளிச்சென்ற பச்சையில் மின்னும். அந்த நுனியைக் காணும் வாரத்தில், மேகமூட்டமான ஒரு நாளின் மாலையில், மேல்வலையைக் கழற்றிவிடலாம்.